1483ல் ஒரு சினாய் குரூப் டூர்

போன மாதம் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். வயது 66. பத்து வருடமாக சர்க்கரை, கூடவே பிரஷர். கையில் ஒரு டிராவல்ஸ் நோட்டீஸ். எகிப்து, சினாய், ஜோர்டான், எருசலேம். பத்தே நாளில் பைபிள் பூமி முழுவதும்.

"டாக்டர், மோசே பத்துக் கட்டளை வாங்கின மலை இருக்குல்ல, ராத்திரி ஒரு மணிக்கு ஏற ஆரம்பிச்சா சூரியன் உதிக்கிறப்போ உச்சிக்குப் போயிடலாமாம். நான் ஏறலாமா? அந்தப் பாலைவனத்தை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

முட்டியைப் பார்த்தேன், ஈசிஜி பார்த்தேன், சர்க்கரை அளவைப் பார்த்தேன். மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனால் அவர் போன பிறகும் அந்த "பாலைவனத்தை நினைச்சாத்தான் பயம்" மட்டும் மனதில் நின்றது. ஏனென்றால் இதே பயத்தோடு இதே மலைக்குப் போன ஒரு குரூப் டூரைப் பற்றி நான் படித்திருக்கிறேன். நடந்து 540 வருடம் ஆகிறது. அதில் ஒருவர் திரும்பி வரவில்லை. ஆனால் அவரைக் கொன்றது பாலைவனம் இல்லை.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் காலத்துப் பயணம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். "குரூப் டூர்" என்பது ஏதோ விமானம் வந்த பிறகு முளைத்த வியாபாரம் என்று நினைக்கிறோம். இல்லீங்க. 15ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நகரத்தில் இது நன்றாக நடந்த தொழில். ஐரோப்பாவின் மூலைமுடுக்கிலிருந்து எருசலேம் போக விரும்புகிறவர்கள் வெனிஸில் வந்து கூடுவார்கள். கப்பல் தலைவனோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். போக வரக் கப்பல், இரண்டு வேளைச் சாப்பாடு, துறைமுக வரி, அங்கே இறங்கிய பிறகு கழுதைச் சவாரி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. இன்றைய பேக்கேஜ் மாதிரியேதான். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எனக்கு மறக்கவே மறக்காது. பயணி வழியில் இறந்துபோனால் அவருடைய உடைமைகளில் கப்பல் தலைவன் கை வைக்கக் கூடாது! அது ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய அளவுக்கு சகஜமான விஷயம்.

நம் கதையின் முக்கியமான ஆள் ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. ஜெர்மனியின் உல்ம் நகரத்து டொமினிக்கன் துறவி. மனுஷன் 1480லேயே ஒரு முறை எருசலேம் போய்விட்டு வந்தவர். ஆனால் புண்ணிய பூமியில் அவருக்குக் கிடைத்தது வெறும் ஒன்பது நாள். இரவு பகலாக இழுத்துக்கொண்டு ஓடியதில் எதைப் பார்த்தோம் என்றே மனதில் நிற்கவில்லை என்று புலம்பியிருக்கிறார். பத்து நாளில் நாலு நாடு பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் புலம்பல் புரியும். அதனால் 1483ல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை சினாய் வரை.

ஃபாப்ரி எழுதி வைத்த பயணக் குறிப்பு லத்தீனில் பெரிய புத்தகம். ஒரு மருத்துவனாக எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஏன் தெரியுமா? மற்றவர்கள் எழுதக் கூச்சப்படுவதை எல்லாம் எழுதுகிறார். கப்பலில் கழிப்பிடம் எங்கே, ராத்திரியில் தூங்குகிறவர்களை மிதிக்காமல் எப்படிப் போவது, புயலில் என்ன பாடு, எல்லாம் உண்டு. அதோடு ஒரு அறிவுரை: கப்பலில் மலச்சிக்கல் சுலபமாக வரும், அதனால் உந்துதல் இல்லாவிட்டாலும் தினம் மூன்று நான்கு முறை போய் உட்காருங்கள், அடக்காதீர்கள். இன்றைக்கும் பஸ்ஸில் பாத்ரூம் இருக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற அம்மாக்களுக்கு நான் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறேன்.

யாஃபா துறைமுகத்தில் இறங்கி உள்ளே போனதும், ராம்லா என்ற ஊரில் பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் பயணிகளை உட்கார வைத்து விதிமுறைகளை வாசித்தார். புனித இடங்களில் கல்லைப் பெயர்க்காதே. சுவரில் பெயர் எழுதாதே. முஸ்லிம்களின் கல்லறை மேல் நடக்காதே. இப்படி நீண்ட பட்டியல். அப்போது அந்தப் பகுதி முழுவதும் மம்லூக் சுல்தான் காயித்பேயின் ஆட்சியில் இருந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் ஒழுங்காக இரு என்று சொல்ல வேண்டியிருந்தது. சுவரில் பெயர் கிறுக்கும் வியாதி எல்லா ஊர்க்காரனுக்கும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது போல.

எருசலேமைப் பார்த்துவிட்டு பெரும்பாலானவர்கள் கப்பலுக்குத் திரும்பினார்கள். இருபது பேருக்கும் குறைவான ஒரு கூட்டம் மட்டும் அங்கேயே தங்கியது. சினாய் போகிறவர்கள் இவர்கள்தான். அதில் மூன்று பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மைன்ஸ் நகரப் பேராலயத்தைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஃபான் பிரைடன்பாக். அவரோடு வந்த இளம் பிரபு, யோஹான் ஃபான் சோல்ம்ஸ். பிரைடன்பாக் செலவு செய்து கூட்டி வந்த ஓவியர் எர்ஹார்ட் ரோய்விச். கேமரா இல்லாத காலத்தில் டூருக்கு போட்டோகிராபரை அழைத்துப் போன ஆள் பிரைடன்பாக்!

காசா வரை வந்தார்கள். அங்கே சில நாள் தங்கல். சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஒட்டகம், கழுதை, வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஏற்பாடு ஆகி, செப்டம்பரில் தெற்கே பாலைவனத்துக்குள் இறங்கினார்கள். சுமார் இரண்டு வாரப் பயணம். காசாவுக்கும் சினாய் மலைகளுக்கும் நடுவில் கிடக்கும் அந்த வறண்ட மேட்டு நிலத்துக்கு அரபியில் "தீஹ்" என்று பெயர். அலைந்து திரிதல் என்று அர்த்தம். இஸ்ரவேலர் நாற்பது வருடம் அலைந்த இடம் என்ற நம்பிக்கையில் வந்த பெயர்.

இங்கே ஒரு நிமிடம். வரலாறு என்று எழுத வந்த பிறகு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாத்திராகமத்தில் வரும் பெருங்கூட்டம் சினாயில் பல ஆண்டுகள் தங்கியதற்கான தடயம் எதையும் தொல்லியலாளர்கள் இதுவரை கண்டெடுக்கவில்லை. மோசே ஏறிய மலை இதுதான் என்பதும் கிறிஸ்தவத் துறவிகள் வழியாக வந்த மரபு. ஆனால் அந்த மரபுக்கே வயது 1600 வருடத்துக்கு மேல். கி.பி. 380களில் எகேரியா என்ற பெண்மணி மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறி, ஊரில் இருக்கும் தன் சகோதரிகளுக்கு லத்தீனில் விலாவாரியாக எழுதியிருக்கிறார். வளைந்து ஏறாமல் சுவரில் ஏறுவது போல நேராக ஏறினோம் என்கிறார். ஆபத்தான இடங்களில் ரோமானியப் படைவீரர்கள் ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டை வரை துணைக்கு வந்தார்கள். அவருக்குப் பிறகுதான், 6ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஜஸ்டினியன் மலையடிவாரத்தில் மதில் சுவரோடு மடம் கட்டினார். இன்று நாம் சொல்லும் புனித கேத்தரின் மடம் அதுதான். அந்த மடத்துக்குக் காவலாக அவர் அனுப்பியவர்களின் சந்ததி என்று சொல்லிக்கொள்ளும் ஜெபாலியா பெதூயின்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இப்போது முஸ்லிம்கள். மடத்து மதிலுக்குள்ளேயே ஒரு சின்ன மசூதியும் உண்டு.

சரி, நம் ஆட்களிடம் வருவோம்.

பாலைவனத்தில் இவர்களுடைய பயப் பட்டியல் என்ன? தாகம். கொள்ளைக்காரர்கள். பாம்பு, தேள். வழி தப்புவது. எல்லாமே நியாயமான பயம்தான். தண்ணீரைத் தோல் பைகளில் கட்டி எடுத்துப் போனார்கள். குலுங்கிக் குலுங்கி, வெயிலில் காய்ந்து, தோல் வாடை ஏறிய தண்ணீர். சாப்பாட்டுக்கு இரண்டு முறை சுட்டுக் காயவைத்த ரொட்டி. கிணறு இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு நாள் பயணமும்.

பாலைவனத்து வெயிலில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். சென்னையில் வியர்த்தால் சட்டை நனையும், தெரிந்துவிடும். பாலைவனக் காற்று காய்ந்த காற்று. வியர்வை தோலில் நிற்காது, வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்துகொண்டிருப்பீர்கள். தோலில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். வயது ஏற ஏற தாகம் எடுக்கும் உணர்வும் மந்தமாகிவிடும். ஆகவே தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருப்பது வயதானவர்களுக்கு ஆகாது. பிரஷருக்கு நீர் போகும் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனாலும் பாருங்கள், அந்த இரண்டு வாரத்தை அந்தக் கூட்டம் கடந்துவிட்டது. பெருமை அவர்களுடையது அல்ல. எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு குடிக்கலாம், எந்த நேரத்தில் நடக்க வேண்டும், எந்தக் குலத்துக்கு என்ன கொடுத்தால் வழி விடுவார்கள் என்று தெரிந்த அரபு வழிகாட்டிகளும் ஒட்டகக்காரர்களும்தான் அவர்களைக் கொண்டு சேர்த்தார்கள். பயணக் குறிப்புகளில் இந்த வழிகாட்டிகள் மீது திட்டும் சந்தேகமும்தான் அதிகம். நன்றி குறைவு.

வழியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தூரத்து மலை உச்சியில் ஒரு விலங்கு நிற்கிறது. ஒட்டகம் என்று நினைத்தார்கள். வழிகாட்டி சொன்னதைக் கேட்டு, ஒற்றைக் கொம்புக் குதிரை என்று முடிவு கட்டிவிட்டார் ஃபாப்ரி! சினாய் மலைகளில் நூபிய வரையாடுகள் உண்டு. பக்கவாட்டில் நின்றால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும். அதுவாக இருக்கும் என்பது என் கட்சி. பிரைடன்பாக் பின்னால் வெளியிட்ட புத்தகத்தில் விலங்குகள் படம் ஒன்று இருக்கிறது. ஒட்டகம், முதலை, ஒட்டகச்சிவிங்கி, அவற்றோடு ஒற்றைக் கொம்பும் நிற்கிறது. கீழே, நாங்கள் கண்டபடியே வரைந்தது என்று சத்தியம் வேறு.

அதைவிட எனக்குப் பிடித்தது மன்னா. இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த அப்பம். சினாய் பள்ளத்தாக்குகளில் விடியற்காலையில் பனித்துளி போல மணி மணியாகச் செடியிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிறது, தேன் மாதிரி இனிக்கிறது, பல்லில் ஒட்டுகிறது, துறவிகளும் அரபிகளும் சேகரித்து யாத்ரீகர்களுக்கு விற்கிறார்கள் என்று பிரைடன்பாக் எழுதியிருக்கிறார். இதில் பொய் இல்லை. 1927ல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போடன்ஹைமர், தியோடர் இருவரும் சினாய்க்கே போய் ஆராய்ந்தார்கள். டாமரிஸ்க் என்ற பாலைவன மரத்தின் சாற்றை உறிஞ்சும் செதிள் பூச்சிகள், தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொண்டு மிச்ச சர்க்கரையை வெளியேற்றுகின்றன. காய்ந்த காற்றில் அது மணியாக உறைகிறது. நம் மாமரத்துக்குக் கீழே இலையெல்லாம் பிசுபிசு என்று இருக்குமே, அதே கதைதான். பைபிள் சொல்லும் மன்னா இதுதானா என்பது அவரவர் நம்பிக்கை, அதற்குள் நான் போகவில்லை.

செப்டம்பர் பிற்பகுதியில் மடத்தை அடைந்தார்கள். மோசே மலை 2285 மீட்டர், நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். அதிலும் ஏறினார்கள், பக்கத்தில் அதைவிட உயரமான கேத்தரின் மலையிலும் ஏறினார்கள். வந்த காரியம் முடிந்தது. ஆபத்து தாண்டியது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அங்கிருந்து மேற்கே திரும்பி, அக்டோபரில் கெய்ரோ. மாடமாளிகை, சந்தை, கூட்டம், நைல் நதி, வேண்டிய மட்டும் தண்ணீர். அங்கிருந்து படகில் அலெக்ஸாண்ட்ரியா. இனி கப்பல் ஏறினால் வெனிஸ்.

இளம் பிரபு சோல்ம்ஸ், அக்டோபர் கடைசியில், அலெக்ஸாண்ட்ரியாவில் இறந்துபோனார். சீதபேதி.

பாலைவனத்தில் தோல் பைத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தவர், தண்ணீர் ததும்பும் நகரத்தில் பேதியில் போனார்.

டாக்டராக யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. சீதபேதி என்பது மனிதக் கழிவிலிருந்து மனித வாய்க்கு வரும் நோய். தினம் இடம் மாறும் இருபது பேர் கூட்டம் தன் கழிவைப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கிறது. அந்த வெயிலிலும் வறட்சியிலும் கிருமிகள் வெகு நாள் தாங்காது. (உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் பாளையத்துக்கு வெளியே போய்க் குழி தோண்டி மூட வேண்டும் என்று ஒரு கட்டளையே இருக்கிறது. படித்துப் பாருங்கள், அருமையான சுகாதார விதி.) நகரம் அப்படி இல்லை. பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில். அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் குடிநீர் எது? வெள்ளக் காலத்து நைல் நீரைக் கால்வாயில் கொண்டுவந்து, தரைக்கு அடியில் தொட்டிகளில் நிரப்பி, வருடம் முழுக்கக் குடிப்பார்கள். பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் குடிக்கத் தகுந்ததும் ஒன்றில்லை.

சோல்ம்ஸின் படுக்கை அருகே இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? உடலில் நான்கு திரவங்கள், அவற்றின் சமநிலை கெட்டது என்பதுதான் அன்றைய மருத்துவம். குருதி இறக்குவது, பேதி கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆனால் எனக்குப் பொறுக்காத விஷயம் வேறு. அந்த ஊரில் அன்றைக்கு இல்லாத பொருள் எதுவும் தேவைப்படவில்லை. எகிப்து அப்போது கரும்பு விளையும் நாடு. அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் வெனிஸ் கப்பல்களில் ஏற்றிய சரக்கில், நம் மலபார் மிளகோடு சர்க்கரையும் இருந்தது. உப்புக்குப் பஞ்சமே இல்லை. காய்ச்சிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று சொல்ல ஆள் இல்லை. அது மட்டும் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரத்தம் கலந்த சீதபேதிக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டியிருக்கலாம். ஆனால் நீர்ச்சத்து வற்றிச் சாவதையாவது தடுத்து நிற்கலாம். ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

அந்த அறிவு வந்து சேர 500 வருடம் ஆனது. வந்த வழியில் அதே அலெக்ஸாண்ட்ரியா மறுபடியும் வருகிறது. 1883ல் எகிப்தில் காலரா. ராபர்ட் கோக் தன் குழுவோடு அங்கே போய் இறங்கினார். பிரெஞ்சுக் குழுவும் வந்தது, அதில் இருந்த இளம் வயது லூயி துய்லியே காலரா வந்து அங்கேயே இறந்தார். சீதபேதியில் இறந்தவர்களின் குடலை ஆராய்ந்தபோது கோக் அமீபாவைப் பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான். எகிப்தில் காலரா ஓய்ந்ததால் அவர் கல்கத்தாவுக்கு வந்து, 1884ல் காலராக் கிருமியை உறுதி செய்தார். சீதபேதியின் இன்னொரு கிருமி ஷிகெல்லா, 1897ல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டுபிடித்தது.

கிருமி தெரிந்தது. வற்றுகிற உடம்பை என்ன செய்வது? 1960ல் ராபர்ட் கிரேன் ஒரு உண்மையைச் சொன்னார். சிறுகுடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். கடும் பேதியிலும் அந்தக் கதவு பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெறும் தண்ணீர் குடித்தால் ஏன் போதவில்லை, சர்க்கரையும் உப்பும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்பதற்கு விடை இதுதான்.

1971. வங்கதேசப் போர். பொங்காவ்ன் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் வேறு வழியில்லாமல் உப்பு, குளுக்கோஸ், சோடா பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்மில் நிரப்பி, சொந்தக்காரர்களையே எடுத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது.

அப்புறம் எகிப்து 1980களில் நாடு முழுக்க ஓஆர்எஸ் இயக்கத்தைத் தொடங்கியது. டிவியில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்து, 200 மில்லி தண்ணீருக்கு ஒரு பொட்டலம் என்று சுலபமாக்கி, குழந்தை இறப்பைப் பெருமளவு குறைத்தார்கள். அதற்கு முன்னோட்டப் பிரச்சாரம் நடந்த ஊர் அலெக்ஸாண்ட்ரியா. வருடம் 1983. சோல்ம்ஸ் இறந்து சரியாக 500 வருடம்.

பிரைடன்பாக் அவர் இல்லாமல் ஊர் திரும்பினார். 1486ல் மைன்ஸில் புத்தகம் வெளிவந்தது. படங்களோடு அச்சான முதல் பயணப் புத்தகம் என்று வரலாற்றில் இடம் பிடித்தது. ரோய்விச் வரைந்த வெனிஸ் நகரப் படம் மட்டும் மடித்து மடித்து விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும்.

இனி டூர் போகிறவர்களுக்கு. ஆளுக்குப் பத்து ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சுவை பானம் ஓஆர்எஸ் இல்லை. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோயாளியாக இருந்தாலும் பேதியின்போது இதைக் குடிக்கத்தான் வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளையும் நீர் மாத்திரையையும் அப்போது நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும், எவை என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் பஸ் போய்விடுமே என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாலைவனத்தில் உஷாராக இருந்துவிட்டு, கெய்ரோ ஹோட்டலில் வெட்டி வைத்த சாலட்டிலும் ஐஸ் கட்டியிலும் கோட்டை விட வேண்டாம்.

அந்த அம்மா அடுத்த வாரம் கிளம்புகிறார். கடைசி 750 படிக்குக் கீழே வரை ஒட்டகம் போகும், அதுவரை போய் அங்கேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்புங்கள் என்று பேசி முடித்திருக்கிறோம். பாதி மனதோடுதான் சம்மதித்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "டாக்டர், மன்னா கிடைச்சா உங்களுக்கு கொஞ்சம் கொண்டாரவா?" என்றார்.

எனக்குக் கொண்டு வாருங்கள், நீங்கள் மட்டும் சாப்பிடாதீர்கள், அது முழுக்கச் சர்க்கரை என்றேன்.